ஈகே3-க்குப் போட்ட ஹெடர் இறக்கத்தில் மட்டும் தட்டுகிறது, பைப்பை நெளித்துவிடலாமா?

தம்பி, உங்கள் ஹொண்டா சிவிக் ஈகே3-க்கு 4-2-1 ஹெடர் (இன்ஜினின் நான்கு புகை வாய்களையும் இரண்டாக, பிறகு ஒன்றாகச் சேர்க்கும் எக்ஸோஸ்ட் பைப்) போட்டதில் இருந்து, நுவரெலியாவில் இருந்து இறம்பொடைப் பக்கம் இறங்கும்போது மட்டும் முன்னால் டக் டக்கென்று தட்டுகிறது, ஏறும்போது ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கராஜில் பைப்பைச் சூடாக்கி நெளிக்கச் சொல்கிறார்களாம். கொஞ்சம் பொறுங்கள்.

இறக்கத்தில் மட்டும் என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இந்த இன்ஜினில் எக்ஸோஸ்ட் ரேடியேட்டரைப் பார்த்து இருக்கிறது. ஏறும்போது இன்ஜினின் மேல்பாகம் பின்னால் சாயும், ஹெடர் ரேடியேட்டர் ஃபேனை விட்டு விலகும். செகண்ட் கியரில் எக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் அதே இன்ஜின் முன்னால் சாய்ந்து ஃபேன் கூட்டில் முட்டும். ரிவர்ஸில் மேடு ஏறினால் இன்னும் மோசம். தோட்டத்து வீடுகளுக்குப் போகும் செங்குத்துப் பாதையில் ஒருமுறை ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மவுண்டுகளை (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிகளை), அதிலும் பின் மவுண்டை. பழைய ஈகே-க்களில் அதன் ரப்பர் கிழிந்திருப்பது சாதாரணம். ஹெடருக்கு முன்பு அந்த இடத்தில் இருந்த பழைய மேனிஃபோல்ட் ஒதுங்கி இருந்ததால் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். மவுண்ட் கிழிந்த காரில் பைப்பை நெளித்தால் சில மாதத்தில் வேறோர் இடத்தில் தட்டும்.

மவுண்ட் சரியென்றால் இடைவெளியை அளந்து பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், ஃபேன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சமையலறை அலுமினியத் தாளைத் தளர்வாக உருட்டி, ஹெடருக்கும் ஃபேன் கூட்டுக்கும் நடுவில் செருகுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸில் கிளட்ச் பிடிக்கும் இடம்வரை ஒரு நொடி விட்டு மிதியுங்கள். காருக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. நசுங்கிய தாளின் தடிப்புத்தான் உங்களுக்கு மிஞ்சும் இடைவெளி. அதிலும் சூட்டுக்குக் கொஞ்சம் போகும்: 60 சென்டிமீட்டர் பைப் 500 பாகை சூடேறினால் இரும்பு ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டரும் ஸ்டெயின்லெஸ் 5 மில்லிமீட்டரும் நீளும். பிளாஸ்டிக், வயர், ரப்பர் பக்கத்தில் இருந்தால் 25 மில்லிமீட்டராவது விடுவேன். முடியாத இடத்தில் நடுவில் ஒரு தகரக் கவசம்.

அடுத்து, எல்லா நட்டையும் தளர்த்தி, ஃபிளாஞ்சில் (இன்ஜினோடு பூட்டும் தகட்டில்) இருந்து கீழ் ஜொயின்ட் வரை கையால் மட்டும் பூட்டி, ஹெடரைத் தன் இடத்தில் உட்கார விட்டுப் பிறகு இறுக்குங்கள். கீழ்ப் பைப்பை முதலில் இறுக்கிவிட்டால் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும். தட்டுகிறது என்று வரும் கார்களில் சில இதோடு சரியாகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஒரே ஓர் இடம் மட்டும் தொட்டால், அப்போது நெளிக்கலாம். காரில் வைத்துத் தட்டாதீர்கள். இடத்தைச் சோக்கால் குறித்து, கழற்றி, கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஆழமில்லாத பள்ளமாக இறக்கச் சொல்லுங்கள். வெல்டிங் ஓரத்திலும் ஃபிளாஞ்ச் அருகிலும் வேண்டாம். ஆழமற்ற பள்ளத்தால் பவர் குறைவது ஓட்டத்தில் தெரியாது. பைப்பை வெட்டி ஒட்ட நேர்ந்தால், ஃபிளாஞ்சைத் தடித்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் வெல்டிங். இல்லாவிட்டால் அது வளைந்து, கேஸ்கட் மாற்றி மாற்றியே கை ஓய்ந்துவிடும்.

பட்டி மாதிரிச் சுற்றும் ஹீட் ரேப்பை (சூடு தடுக்கும் துணியை) நம் ஊரில் சாதாரண இரும்பு ஹெடருக்குச் சுற்றச் சொல்ல மாட்டேன். பனியும் மழையும் ஊறி உள்ளேயே துரு பிடிக்கும், வெளியே தெரியாது. போதாததற்கு, சிரமப்பட்டு எடுத்த இடைவெளியில் கொஞ்சத்தை அதுவே தின்றுவிடும்.

கீழ்ப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். ஏற்றத்தில் சம்புக்கு (இன்ஜினின் எண்ணெய்த் தொட்டிக்கு) அடியில் போகும் பைப் முன்னால் நகரும், அங்கே கிராஸ்மெம்பர் (அடியில் உள்ள குறுக்குச் சட்டம்) இருக்கிறது. அதோடு தோட்டத்து ரோட்டில் முதலில் கல்லில் அடிபடுவதும் அதுதான். ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்ட ஹில் கிளைம்ப் (மலையேற்றக் கார்ப் போட்டி) பார்த்துவிட்டு ஹெடர் ஆசை வராதவன் யார், ஆனால் அந்தக் கார்கள் தேயிலைத் தோட்டத்துக் குறுக்கு வழியில் வீட்டுக்குப் போவதில்லை.

ஓக்சிஜன் சென்சர் (புகையில் உள்ள ஓக்சிஜனை அளப்பது) படுக்கையாக இருந்தால் அதன் வயர் பக்கம் 10 பாகையாவது மேலே சாய்வாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், காலைக் குளிரில் பைப்புக்குள் கட்டும் தண்ணீர் அதில் தேங்கக் கூடாது. கெட்டலைட்டிக்கைக் (புகையைச் சுத்தமாக்கும் பெட்டியைக்) கழற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள், லைசன்ஸ் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டுமே.

மவுண்டைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், முடிந்தால் அந்த நசுங்கிய தாளின் படத்தோடு.