மனச்சோர்வைத் தாங்க சிகரெட் பிடிக்கிறேன், மார்க்கத்தில் அது ஹராம் என்கிறார்கள். நான் ஈமானை (இறைநம்பிக்கையை) பார்ப்பதா, உடம்பைப் பார்ப்பதா?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்த வரிதான் என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது: "விட்டால் மறுபடி படுக்கையில் விழுந்துவிடுவேனோ என்று பயம். விடாவிட்டால் தொழுகையில் நிற்கவே கூச்சம்." இந்த இரண்டு பயத்தோடும் ஒன்றரை வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். மார்க்க அறிஞனும் இல்லை, டாக்டரும் இல்லை. பட்டதைச் சொல்கிறேன்.

ஊர் மேலப்பாளையம். ஒரு காலத்தில் தறி ஓடிய ஊர், பிறகு பீடி. என் உம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். சொளவை மடியில் வைத்து, ஊறப்போட்ட இலையைக் கத்தரியால் வெட்டி, ஒரு சிட்டிகைத் தூளைப் பரப்பி, விரல் நுனியில் உருட்டி, முனையை மடக்கி நூல் கட்டுவாள். கை பாட்டுக்குச் சுற்றும், வாய் பாட்டுக்கு யாசீன் ஓதும். நாளைக்கு ஆயிரம் பீடி. கடையில் கழித்துக் கொடுத்த பீடிகளை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருப்பாள். என் முதல் பீடி அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்தது. பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை சமயம்.

பிடிப்பது ஹராம் என்று எத்தனையோ வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் கேட்டிருக்கிறேன். சுற்றுவதைப் பற்றி யாரும் வாய் திறந்ததாக நினைவில்லை. சரி, அது வேறு கதை.

2017-ல் வாப்பா, என் அப்பா, மௌத்தானார். அதற்கு முன் ஒரு நாளைக்கு நாலைந்து சிகரெட் பிடித்தவன், அந்த வருடக் கடைசியில் பதினெட்டுக்குப் போயிருந்தேன். துக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். ஆனால் துக்கத்தில் அழுகை வரும். எனக்கு அழுகையே வரவில்லை. விடிகாலை நாலு மணிக்குக் கண் திறந்துவிடும், மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பேன். எந்தச் சட்டையைப் போடுவது என்று முடிவெடுக்க இருபது நிமிடம். தொழுகையில் ஃபாத்திஹா ஓதிக்கொண்டிருக்கும்போதே எங்கே நிற்கிறேன் என்பது மறந்துபோகும்.

இடையில் ஒன்று. தமிழில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை வேலை நெருக்கடிக்கும் சொல்கிறோம், நோய்க்கும் சொல்கிறோம். 'ஒரு தம் போட்டால் அழுத்தம் குறையும்' என்று ஒருவர் சொல்லும்போது எதைச் சொல்கிறார் என்றே தெரிவதில்லை. நீங்கள் மனச்சோர்வு என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். அது நோய். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே கிடந்தால் டாக்டரிடம் போக வேண்டிய நோய்.

மாடியில் போய்ப் பற்றவைத்தால் முதல் இழுப்பிலேயே தலைக்குள் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். பொய் சொல்ல மாட்டேன், இருக்கும். புகை வழியாகப் போகிற நிகோடின் பத்துப் பதினைந்து விநாடியில் மூளையைத் தொட்டுவிடுகிறது. மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரை எதுவும் அந்த வேகத்தில் வேலை செய்யாது, வாரக்கணக்கில் ஆகும். அதனால் சிகரெட்டை மருந்து என்று நம்பியதற்காக உங்களை முட்டாள் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அது மருந்து இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது 2018 ரமளான். மே மாதம், திருநெல்வேலி வெயில், பதினாலு மணி நேர நோன்பு. பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் பள்ளிவாசல் பின்சந்துக்கு ஓடுவேன். நோன்பைத் திறந்தது பழமா, சிகரெட்டா என்று அல்லாஹ்வுக்கே வெளிச்சம். கடைசிப் பத்து நாளில் இஃதிகாஃப் உட்கார்ந்தேன், அதாவது பள்ளிவாசலிலேயே தங்கி வணங்குவது. ஈமான் மேலிட்டு உட்காரவில்லை. வீட்டில் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை, அதனால்.

பள்ளிவாசலை விட்டு வெளியே போக முடியாது. புகை கிடையாது. முதல் நாலு நாள் நரகம். பக்கத்தில் ஒருவர் தஸ்பீஹ் மணி உருட்டும் சத்தத்துக்கே எரிந்து விழுந்தேன். கை நடுக்கம், தூக்கமின்மை, எவரைப் பார்த்தாலும் சண்டை போடத் தோன்றும். ஏழெட்டு நாளில் அந்த எரிச்சல் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. ஆனால் விடிகாலைக் கனம் மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் உறைத்தது: இவ்வளவு நாளும் ஒன்று என்று நினைத்திருந்தது இரண்டு. ஒன்று சிகரெட் தானே உண்டாக்கித் தானே தீர்த்துவைக்கிற பசி. இன்னொன்று நோய். அதை அது தொட்டதே இல்லை.

நிகோடின் உடம்பில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய எரிச்சல், படபடப்பு, மனம் கீழே இறங்குவது. அடுத்த சிகரெட் அந்தப் பள்ளத்தை நிரப்பும். நிரப்பியதை மட்டும் நாம் ஞாபகம் வைத்திருப்போம், தோண்டியது யார் என்று கேட்க மாட்டோம்.

இஃதிகாஃபில் என் கை நடுக்கத்தைப் பார்த்த வயதான ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) ஒருவர் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவர் கேட்டது, "தூக்கம் வருதா தம்பி?" அதற்கு முந்தைய மாதம் வேறொரு பள்ளியில் ஜும்ஆ பயானில், மனச்சோர்வு என்பதே ஈமான் குறைவு, தொழுகிறவனுக்கு அது வராது என்று ஒருவர் மைக்கில் முழங்கியதைக் கேட்டிருந்தேன். கடைசி ஸஃப்பில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து முதல் வேலையாக இரண்டு சிகரெட் பிடித்தேன். குற்ற உணர்வு என்னைப் புகையிலிருந்து ஒரு நாள்கூடக் காப்பாற்றியதில்லை, அதிகமாக்கித்தான் இருக்கிறது.

இதைச் சொன்னதும் ஹஜ்ரத் சிரித்தார். "யாகூப் நபிக்கு ஈமான் குறைவா?" என்றார். மகன் யூசுஃபை நினைத்து நினைத்து அவருடைய கண்கள் வெளுத்துப் போனதாகக் குர்ஆன் சொல்கிறது, 12-ஆவது சூரா, 84-ஆவது வசனம். நபியின் மனைவி கதீஜா நாயகியும் நபியை வளர்த்த அபூதாலிபும் இறந்த வருடத்துக்கே 'துக்க வருடம்' என்று பெயர். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆ (பிரார்த்தனை) புகாரி ஹதீஸ் நூலில் இருக்கிறது. வராத ஒன்றுக்கு யார் பாதுகாப்புத் தேடுவார்கள்?

பிறகு தேடிப் படித்தபோது இன்னொரு பெயர் கிடைத்தது: அபூஸைத் அல்-பல்கீ. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கிற பல்கில் வாழ்ந்த அறிஞர். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணமே தெரியாமல் வருவது இன்னொன்று, பின்னதன் வேர் உடம்பில் இருக்கிறது, அதற்கு உடம்புக்கும் வைத்தியம் வேண்டும் என்று பிரித்து எழுதியிருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால். எங்கள் மைக்கில் பேசியவருக்கு யாராவது சொன்னால் நல்லது.

ஹராமா, மக்ரூஹா (தடை இல்லை, ஆனால் வெறுக்கத்தக்கது) என்ற கேள்விக்கு வருகிறேன். புகையிலை அமெரிக்காவிலிருந்து வந்த செடி, நபி காலத்தில் இல்லை. துருக்கியர்களின் உதுமானிய ராஜ்ஜியத்தில் பரவியபோதே சண்டை ஆரம்பமாகிவிட்டது. 1633-ல் சுல்தான் நான்காம் முராத் தடை போட்டு, மீறியவர்களுக்கு மரண தண்டனையே கொடுத்தார். அதே நூற்றாண்டில் டமாஸ்கஸின் பெரிய சூஃபி அறிஞர் அப்துல் கனி அந்-நாபுலுஸி, அது ஆகுமானதே, அதாவது அனுமதிக்கப்பட்டதே என்று தனி நூல் எழுதினார். வாய் நாற்றத்தைப் பச்சை வெங்காயம், பூண்டோடு ஒப்பிட்டு மக்ரூஹ் என்றவர்களும் உண்டு. அன்றைக்கு அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய்க் கணக்கு தெரியாது. தெரிந்த பிறகு பலருடைய தீர்ப்பு மாறிவிட்டது. புகையிலை விளைகிற இந்தோனேஷியாவிலேயே, முஹம்மதியா அமைப்பு 2010-ல் ஹராம் என்று அறிவித்தது. 'உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள்' என்ற 2:195 வசனத்தைத்தான் பெரும்பாலும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

"ஆனால் நிர்ப்பந்தத்தில் ஹராமும் ஆகுமானதாகிவிடும் அல்லவா, எனக்கு இது நோய்க்கு மருந்து" என்று நானும் ஹஜ்ரத்திடம் வாதம் செய்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அதுக்கு ரெண்டு நிபந்தனை தம்பி. அது குணமாக்கணும். ஆகுமான வேற வழி இல்லாம இருக்கணும். ரெண்டும் இருக்கான்னு டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க." பெருநாள் தொழுகை முடிந்த அரை மணி நேரத்தில் மறுபடி பற்றவைத்துவிட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த வாக்கியம் விடவில்லை. ஜூலையில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சீட்டுப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்த டாக்டர் சிகரெட்டை முதலில் தொடவே இல்லை. மாத்திரை எழுதினார், பேச்சு சிகிச்சைக்கு அனுப்பினார். ஆறு வாரம் கழித்து நாலு மணி விழிப்பு ஐந்தரைக்கு நகர்ந்தது. எனக்கு அது பெரிய விஷயம், பஜ்ர் என்கிற அதிகாலைத் தொழுகைக்குச் சரியாக எழுந்தேன். மூன்று மாதம் போன பிறகுதான் "இப்ப அதைப் பத்திப் பேசலாமா?" என்றார். என் பயத்தைச் சொன்னேன், உங்களுடையதேதான். விட்டவர்களின் மனநிலையை விடாதவர்களோடு ஒப்பிட்ட 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது என்றார். விட்டவர்களுக்குச் சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன, ஏற்கெனவே மனநோய் இருந்தவர்களுக்கும் அப்படியே. முதல் சில வாரம் மோசமாக இருக்கும், அதை நோய் திரும்பி வந்துவிட்டது என்று தப்பாக எடுத்துக்கொண்டுதான் பலர் மறுபடி பிடிக்கிறார்கள் என்றார். இஃதிகாஃபில் நான் பார்த்ததும் அதுதானே.

ரமளான் முதல் பிறையில் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நோன்புப் பசியும் நிகோடின் பசியும் ஒரே நாளில் சேர்ந்தால் தாங்காது, அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே ஆரம்பியுங்கள் என்றார். 2019-ல், ரமளானுக்கு முந்தைய மாதமான ஷஅபானில் ஆரம்பித்தேன். தோளில் ஒட்டுகிற நிகோடின் பட்டை, ஆசை வரும்போது 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம். கம்மை மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ, காபி குடித்த உடனே போட்டால் சரியாக வேலை செய்யாது. இதை யாரும் சொல்லாமல் முதல் நாள் மென்று விழுங்கி விக்கல் எடுத்துச் செத்தேன். நோன்பு வந்ததும் ஹஜ்ரத்திடம் கேட்டேன். தோல் வழியாகப் போவது உணவும் இல்லை, பானமும் இல்லை, பட்டையோடு நோன்பு கூடும், கம் மட்டும் இரவில் என்றார். மாத்திரையை சஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டு நேரத்துக்கு) மாற்றிக்கொள்ள டாக்டர் சம்மதித்தார். நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள், அளவையும் குறைக்காதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஓலன்சபின், க்ளோசபின் போன்ற மனநோய் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் திடீரென்று சிகரெட்டை விடக் கூடாது. புகையில் இருக்கிற சில பொருள்கள் அந்த மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடச் செய்கின்றன. புகை நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் கூடிவிடும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். புப்ரோபியான் என்று ஒரு மாத்திரை மனச்சோர்வுக்கும் கொடுக்கிறார்கள், புகையை விடவும் கொடுக்கிறார்கள். வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. உங்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டுப் பாருங்கள். புகையை நிறுத்த உதவி வேண்டுமானால் 1800-11-2356, இலவசம். உயிரை விடலாம் என்கிற எண்ணம் வந்தால் சிகரெட் பேச்சையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு உடனே 14416-ஐக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

விட்ட பிறகு இரண்டு முறை தவறியிருக்கிறேன். ஒரு தடவை தங்கச்சி கல்யாணத்தன்று, ஒரு தடவை ஒரு காரணமும் இல்லாமல் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று இரவு இஷா தொழப் போகக் கூச்சமாக இருந்தது. போனேன். வாய் கொப்பளித்துவிட்டுப் பின்வரிசையில் நின்றேன். தொழுகை ஒப்புக்கொள்ளப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது அல்லாஹ்வின் கணக்கு, எனக்குத் தெரியாது. பிடித்துவிட்டோமே என்று தொழாமல் இருந்துவிட்டால் இரண்டும் போய்விடும் என்பது மட்டும் தெரியும்.

மாத்திரை 2020-ல் நின்றது, டாக்டர் படிப்படியாகக் குறைத்தார். உம்மா இன்னும் சுற்றுகிறாள். வேண்டாம் என்றால் கை சும்மா இருக்காது என்கிறாள். தூள் வாசனை வீடு முழுக்க இருக்கும், முதல் வருடம் அதனாலேயே மாடியில் படுத்தேன். போன மாதம் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்தக் கருமத்தை உட்டுட்டியா வாப்பா?"

"உட்டுட்டேம்மா."

"அல்ஹம்துலில்லாஹ். அந்த நூல்கண்டை எடு."