தொப்பைக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டா? வயதான அம்மா இளைத்து வருவது நல்லதுதானே?

தொடர்பு உண்டு. இரண்டாவது கேள்விக்கு மட்டும் அவசரப்பட்டு ‘ஆமாம்’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். உங்கள் அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எந்த முயற்சியும் செய்யாமலேயே இளைக்கிறார் என்றால் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

என் அம்மா நாற்பது வயதிலிருந்தே பருமனானவர், சர்க்கரையும் இருந்தது. நடக்கச் சொல்லி வீட்டில் எல்லோரும் நச்சரிப்போம். 66 வயதில் தானாகவே எடை குறைய ஆரம்பித்தது. ஒன்றரை வருடத்தில் ஒன்பது கிலோ. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் சந்தோஷமாக அவர் துணிகளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மதியம் போன் செய்தால் ‘சாப்பிட்டாச்சு’ என்பார். பல நாள் சாப்பிடவே இல்லை, சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. 69 வயதில் அல்சைமர் என்ற மறதி நோய் என்று சொன்னார்கள்.

அதன் பிறகு படித்ததைச் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கலிபோர்னியாவில் 6,500-க்கும் மேற்பட்டவர்களுக்கு நடுவயதில் வயிற்றின் பருமனை அளந்து, சராசரியாக 36 ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. தொப்பை மிக அதிகமாக இருந்தவர்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட டிமென்ஷியா (மறதி நோய்) வரும் ஆபத்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மொத்த எடை சரியாக இருந்து தொப்பை மட்டும் இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல்தான். குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியை உண்டாக்கும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூளையின் சிறு ரத்தக்குழாய்கள் பழுதாவது எல்லாம் அதன் வழியாகவும் வரலாம்.

இதைப் படித்துவிட்டு, ‘பிரிட்டனில் சுமார் 20 லட்சம் பேரை ஆராய்ந்து, குண்டானவர்களுக்குத்தான் டிமென்ஷியா குறைவு என்று 2015-இல் சொன்னார்களே’ என்று யாராவது வருவார்கள். சொன்னார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2018-இல் மிகா கிவிமாகி என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 13 லட்சம் பேரின் தகவலை, எடை பார்த்த காலத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். நோய் தெரிவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பு எடை கூடுதலாக இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். கடைசிப் பத்து ஆண்டுகளுக்குள் பார்த்த எடையிலோ, மெலிந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று வந்தது. அதாவது மறதி வெளியே தெரியும் முன்பே நோய் உடம்பைக் கரைக்கத் தொடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே இதுதான்.

எல்லா இளைப்பும் டிமென்ஷியா என்று நான் பயமுறுத்தவில்லை. தைராய்டு, பல் வலி, மனச்சோர்வு, புற்றுநோய் என்று எதுவாகவும் இருக்கலாம். எதுவானாலும் பார்க்க வேண்டியதுதானே? அதே போல, ‘வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்காது’ என்று அம்மாவைக் குறை சொல்லவும் யாரையும் விடாதீர்கள். ஒல்லியாக இருந்தவர்களுக்கும் இந்த நோய் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் அம்மாவுக்காக இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டேன். ‘குழந்தைக்கு என்றால் கொடுக்கலாம், பெரியவர்களுக்கு எப்படி?’ என்றார்கள். ஏன், பெரியவர்களுக்கு ஊட்டிவிட ஆள் வேண்டாமா? வேலையை விட்டேன். வேலை போனதைவிட அந்தக் கேள்விதான் இன்னும் வலிக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையெல்லாம் எடுத்துப் போங்கள், பலவற்றில் அன்றைய எடையை எழுதியிருப்பார்கள். எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது, மதியம் அவர் சாப்பிடுவதை யாராவது கண்ணால் பார்க்கிறீர்களா? இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுங்கள்.