கூட்டத்தில் ஒரு குரலை மட்டும் காது எப்படிப் பிரித்தெடுக்கிறது? கணினிக்கு அதைக் கற்றுத்தர முடியுமா?

கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போதும் பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவது நமக்குப் புரிகிறது. இந்தத் திறனைக் கணக்குகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் ஒலிப்பிரிப்பு மாதிரி. 1953இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி காலின் செரி இந்தக் கேள்வியைச் சோதனைக்கு உட்படுத்தினார். அப்புறம் உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன், மூளை ஒலிகளைக் குழுக்களாகச் சேர்க்கும் விதிகளை விளக்கினார்.

சிக்கல் இதுதான்: எல்லா ஒலியும் காற்றிலேயே கலந்து, செவிப்பறையை ஒரே அதிர்வாக வந்தடைகிறது. பல கடிதங்களைக் கிழித்து ஒரே கூடையில் போட்ட மாதிரி. மையின் நிறம், கையெழுத்து பார்த்துத் துண்டுகளைச் சேர்க்க வேண்டும்.

உள்காது முதலில் அந்த அதிர்வைக் கீழ்ச்சுருதி, மேல்சுருதி எனத் துண்டுகளாக்குகிறது. ஒலிப்பிரிப்பு மாதிரியும், குறிப்பிட்ட சுருதிகளை மட்டும் விடும் வடிகட்டிகளால் அதையே செய்கிறது. பிறகு எந்தத் துண்டு யாருடையது? ஒருவர் குரலின் அடிப்படை அதிர்வு நொடிக்கு 120 என்றால், அதே குரலில் 240, 360 என்ற மடங்குகளும் இருக்கும். அவை ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக ஓயும். திசையும் துப்பு தரும்: பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி இரு காதுகளையும் அடையும் நேர வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூளை அதையும் கவனித்துவிடுகிறது, எனக்கு இதுதான் பெரிய அதிசயம்!

உரத்த ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் குறைப்பதுதான் பிரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, சன்னமான குரலும் அதன் துண்டுகள் சரியாகச் சேர்ந்தால் தெளிவாகக் கேட்கும்.