டிராக் ஓட்டத்துக்குக் காரில் டேட்டா லாகர்: எதைத் தேர்ந்தெடுப்பது, எங்கே பொருத்துவது?

அன்றாடம் ஓட்டும் காரையே டிராக் நாள்களுக்கும் (பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்கள்) கடிகாரத்தோடு போட்டியிடும் நேர ஓட்டப் போட்டிகளுக்கும் கொண்டு செல்லும் ஒருவர், ஓட்டத்தைப் பதிவு செய்யும் டேட்டா லாகர் கருவிகளில் எதை வாங்க வேண்டும், அதைக் காரில் எங்கே எப்படிப் பொருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இதே போன்ற காரில் இதே போன்ற நிகழ்வுகளில் சில ஆண்டுகளாகக் கலந்துகொண்டு, மூன்று வெவ்வேறு அமைப்புகளை மாற்றிப் பார்த்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். பொதுவாக இந்தக் கேள்வியின் முதல் பாதியைப் பற்றியே எல்லோரும் நீளமாகப் பேசுகிறார்கள். ஆனால், நான் கண்டவரை பெரும்பாலான தவறுகள் இரண்டாம் பாதியில்தான் நிகழ்கின்றன.

என்னுடைய தவற்றையே முதலில் சொல்லிவிடுகிறேன். என் முதல் அமைப்பு, விண்ட்ஷீல்டில் ஒட்டிய ஒரு சக்‌ஷன் கப், அதிலிருந்து நீளும் வளைகின்ற ஒரு கை, அதன் நுனியில் கைப்பேசி, அதற்குள் தடத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் (லேப்) ஆகும் நேரத்தை அளக்கும் ஒரு லேப் டைமர் செயலி என்ற அளவில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பதிவைத் திறந்து பார்த்தபோது, பிரேக் போடும் ஒவ்வோர் இடத்திலும் முடுக்கமானியின் (வேக மாற்றத்தை அளக்கும் சென்சாரின்) கோடு ஒரே மேடாக ஏறி இறங்காமல், ஒட்டகத்தின் முதுகைப் போல இரண்டு திமில்களோடு தெரிந்தது. பிரேக்கை நடுவில் தளர்த்திவிட்டு மறுபடியும் மிதிக்கிறேன் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, அடுத்த இரண்டு நிகழ்வுகளையும் காலைத் திருத்துவதிலேயே செலவழித்தேன். அதன் பிறகுதான், ஜிபிஎஸ் வேகத்திலிருந்து கணக்கிட்ட வேகக் குறைவை அதே வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கோட்டில் திமிலே இல்லை. பிரேக் பிடித்தவுடன் கைப்பேசி முன்னால் சாய்ந்து பின்னால் மீண்டதைத்தான் முடுக்கமானி உண்மையாகப் பதிவு செய்திருந்தது. என் கால் முதலிலிருந்தே ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

இனித் தேர்வுக்கு வருகிறேன். கருவியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், பதிவிலிருந்து எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். லேப் நேரம் மட்டும் போதுமா, எந்த வளைவில் நேரத்தை இழக்கிறோம் என்று தெரிய வேண்டுமா, அல்லது அந்த இழப்புக்குக் காரணம் பிரேக்கா த்ராட்டிலா (ஆக்ஸிலரேட்டர்) ஸ்டியரிங்கா என்பது வரை தெரிய வேண்டுமா என்பதைப் பொறுத்தே செலவும் வயரிங் வேலையும் அமையும்.

லேப் நேரம் மட்டும் போதும் என்றாலும்கூட, கைப்பேசிக்குள் இருக்கும் ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. பெரும்பாலான கைப்பேசிகள் நொடிக்கு ஒரு முறைதான், அதாவது 1 ஹெர்ட்ஸ் வேகத்தில்தான், இருப்பிடத்தைத் தருகின்றன. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 33 மீட்டரைக் கடந்துவிடும். அதே கார் 120இலிருந்து 60க்கு 0.9 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 0.9 மடங்கு) அளவில் பிரேக் பிடித்தால் அந்த முழு நிகழ்வும் ஏறத்தாழ இரண்டு நொடிகளில், 47 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் கைப்பேசி உங்களுக்குத் தருவது இரண்டே புள்ளிகள். எங்கே பிரேக் தொடங்கியது, எவ்வளவு அழுத்தமாகத் தொடங்கியது, எப்போது விட்டீர்கள் என்பதையெல்லாம் இரண்டு புள்ளிகளிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. 10 ஹெர்ட்ஸ் கருவியில் புள்ளிகளுக்கு இடையிலான தூரம் 3.3 மீட்டராகவும், 25 ஹெர்ட்ஸ் கருவியில் 1.3 மீட்டராகவும் குறைகிறது. 1இலிருந்து 10க்குச் செல்வதுதான் பெரிய தாவல். 10இலிருந்து 25க்குச் செல்வது விரும்பத்தக்கது, ஆனால் கட்டாயமில்லை.

ஆகவே, கைப்பேசியைத் திரையாகவும் நினைவகமாகவும் வைத்துக்கொண்டு, புளூடூத் வழியாக இணையும் ரேஸ்பாக்ஸ் மினி போன்ற 25 ஹெர்ட்ஸ் வெளி ஜிபிஎஸ் கருவியையும், ரேஸ்குரோனோ அல்லது ஹாரிஸ் லேப்டைமர் போன்ற ஒரு செயலியையும் பயன்படுத்துவது தொடங்குபவருக்கு நல்ல வழி. ஒரே ஓர் எச்சரிக்கை: வெயிலில் நிறுத்திய காரில் கைப்பேசி சூடேறித் தானாக அணைந்துவிடக்கூடும். ஐஃபோனுக்கு அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும் இயக்க வெப்பநிலையின் மேல் எல்லை 35 டிகிரி செல்சியஸ் மட்டுமே. மூடிய காரின் டாஷ்போர்டு அதை எளிதில் தாண்டிவிடும். இந்தத் தொல்லை வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஏஐஎம் சோலோ 2, விபாக்ஸ் ஸ்போர்ட், கார்மின் கேட்டலிஸ்ட் போன்ற தனித்து இயங்கும் கருவிகளை நாடலாம். இவற்றில் கேட்டலிஸ்ட், ஓட்டும்போதே குரலில் ஆலோசனை சொல்வதை முதன்மையாகக் கொண்டது; பதிவை வீட்டில் உட்கார்ந்து அலசும் பழக்கமுள்ளவர்களுக்கு மற்ற வகைகளே அதிகம் உதவும் என்று கருதுகிறேன்.

ஜிபிஎஸ் சொல்வதில் எதை நம்பலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வேகத்தைக் கருவி டாப்ளர் விளைவிலிருந்து (செயற்கைக்கோள் சிக்னலின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து) கணக்கிடுவதால் அது மிகவும் துல்லியமானது. இருப்பிடமோ திறந்த வெளியிலேயே ஓரிரு மீட்டர் விலகக்கூடும். ஆகவே, இரண்டு லேப்களின் வேகக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடுவது பயன் தரும். வரைபடத்தில் தெரியும் பாதையைப் பார்த்து, இந்த வளைவில் அரை மீட்டர் உள்ளே வந்திருக்கிறேன் என்று மகிழ்வது வெறும் கற்பனை. அதற்குக் கேமராவே சரியான சாட்சி.

வேகக் கோடு என்ன நடந்தது என்பதைச் சொல்லும். ஏன் நடந்தது என்பதற்குக் காரின் உள்ளிருந்து வரும் தகவல் வேண்டும். இங்கேதான் பலர் ஓபிடி போர்ட்டில் (காரின் பழுதறியும் இணைப்பு முனையில்) செருகும் சிறிய புளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கி ஏமாறுகிறார்கள். அந்த வழியில் செயலி ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாகக் கேட்டு, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பதில் தரும் வரை காத்திருக்கிறது. நொடிக்குப் பத்துப் பதில்கள் வருவதாக வைத்துக்கொண்டாலும், ஐந்து சேனல்களை (தகவல் வகைகளை) கேட்டால் ஒவ்வொன்றுக்கும் 2 ஹெர்ட்ஸ் மட்டுமே மிஞ்சும். கூலன்ட் வெப்பநிலைக்கு அது தாராளம். த்ராட்டிலுக்கு அது போதவே போதாது. மேலும், எல்லாக் கார்களுக்கும் பொதுவான அந்தத் தகவல் பட்டியலில் பிரேக் அழுத்தம் கிடையாது. எனவே, இந்த அடாப்டரைப் பயன்படுத்துவதானால் என்ஜின் சுழற்சி, த்ராட்டில் என்ற இரண்டு சேனல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதைவிட மேலான வழி, காரின் கேன் பஸ்ஸில் (காரின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை வயர்ப் பாதையில்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செய்திகளை எதையும் கேட்காமல் ஒட்டுக்கேட்பது. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி அமைப்பு உள்ள காரில் ஸ்டியரிங் கோணம், சக்கரங்களின் வேகம், பல மாடல்களில் பிரேக் அழுத்தம் ஆகியவை இந்தப் பாதையில் நொடிக்குப் பல முறை சென்றுகொண்டே இருக்கின்றன, ஏனெனில் அந்த அமைப்புக்கே அவை தேவை. புதிய கார்கள் பலவற்றில் ஓபிடி போர்ட்டுக்கும் இந்தப் பாதைக்கும் நடுவே ஒரு கேட்வே (இடைக் கணினி) இருந்து செய்திகளை மறைத்துவிடும் என்பதால், வயரை உள்ளே எங்காவது இணைக்க வேண்டியிருக்கும். அந்த இரட்டை வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஏற்கெனவே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் இரண்டு வயர்களுக்கும் இடையே 60 ஓம் காட்ட வேண்டும். உங்கள் லாகருக்குள் மூன்றாவதாக ஒரு மின்தடை இருந்தால் அதை நீக்கிவிட்டே இணைக்க வேண்டும். வயரின் தோலைச் சீவுவதற்கு மனம் வராதவர்களுக்கு, வயரின் மேல் கவ்விக்கொண்டு தொடாமலே படிக்கும் சென்சார்களும் இருக்கின்றன. அன்றாடம் ஓட்டும் காருக்கு நான் பரிந்துரைப்பது அதுவே.

பொருத்துவதில் முதல் கேள்வி, முடுக்கமானி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பது. அந்தப் பெட்டி காரின் உடலோடு இறுக ஒட்டியிருக்க வேண்டும், அதன் அச்சு காரின் நேர்க்கோட்டோடு ஒத்திருக்க வேண்டும், இயன்றவரை காரின் நடுவில் தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டு முன் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள, டனல் எனப்படும் தரை மேடோ, இருக்கையின் தண்டவாளத்தைப் பிணைக்கும் போல்ட்டில் மாட்டிய ஒரு தகட்டுத் தாங்கியோ இதற்கு மிகப் பொருத்தமானவை. பெட்டி 5 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்திருந்தால், நின்றுகொண்டிருக்கும் காரே 0.087 ஜி அளவுக்கு முடுக்கம் காட்டும். புவியீர்ப்பின் ஒரு பகுதி அந்த அச்சில் கசிந்துவிடுவதே காரணம். இந்தப் பிழையைச் சமதளத்தில் நிறுத்திப் பூச்சியம் செய்து (அந்த நிலையின் அளவையே பூச்சியமாகக் கொள்ளச் செய்து) நீக்கிவிடலாம். ஆனால் ஆடும் தாங்கி உண்டாக்கும் பிழையை எந்தப் பூச்சியமும் நீக்காது.

அதிர்வைத் தணிக்கிறேன் என்று பெட்டிக்குக் கீழே தடித்த நுரைப்பஞ்சு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு சிலிண்டர் என்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 200 முறை உடலை உலுக்குகிறது என்பது உண்மைதான். அந்த வேகமான நடுக்கத்தைக் கருவியும் மென்பொருளும் வடிகட்டிவிடும். நுரைப்பஞ்சோ, அதைக் குறைப்பதாகக் காட்டிக்கொண்டு, பிரேக்குக்கும் வளைவுக்கும் இணையான மெதுவான ஆட்டத்தைப் புதிதாக உண்டாக்கிவிடுகிறது. என் இரட்டைத் திமிலும் அந்த வகை ஆட்டம்தான். போல்ட்டோ, ஒன்றோடொன்று கவ்விப் பிடிக்கும் கெட்டியான டூயல் லாக் பட்டையோ போதும்.

ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்குத் தேவை நேர்மாறானது: அது உயரத்தில், வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கூரையின் நடுவில் ஒட்டும் காந்த ஆன்டெனா மிகச் சிறந்தது, ஏனெனில் கீழே உள்ள இரும்புத் தகடு சிக்னலுக்கும் உதவுகிறது. டாஷ்போர்டில் வைத்தே ஆக வேண்டும் என்றால், விண்ட்ஷீல்டில் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பூச்சு ஜிபிஎஸ் சிக்னலையும் பலவீனமாக்கும். அத்தகைய கண்ணாடிகளில் பெரும்பாலும் பின்னால் பார்க்கும் உள்கண்ணாடிக்கு (ரியர் வியூ மிரர்) அருகே பூச்சில்லாத ஒரு திட்டு விடப்பட்டிருக்கும். கேமராவை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். அதன் மின் இரைச்சல் ஜிபிஎஸ்ஸைக் குழப்பக்கூடும். ஓட்டத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே, கூரைக்கு வெளியே காரை நிறுத்திக் கருவியை இயக்கிவிடுவதும் நல்லது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக இரண்டு செய்திகள். ஓபிடி போர்ட்டின் 16ஆம் முனையில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும். அதில் எதையாவது செருகி மறந்துவிட்டால் சில நாள்களில் பேட்டரி படுத்துவிடும். ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னழுத்தம் சரிவதால், காரின் மின்சாரத்தை மட்டுமே நம்பும் லாகர் அணைந்து மீண்டும் தொடங்கக்கூடும். உள்ளே சொந்தப் பேட்டரி உள்ள கருவிக்கு இந்தக் கவலை இல்லை. நேரடியாக வயர் இழுத்தால், மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே ஃப்யூஸ் வையுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். அரைக் கிலோ எடையுள்ள கருவி, 30 ஜி அளவிலான மோதலில் 15 கிலோ எடை தரும் விசையோடு பிய்த்துக்கொண்டு பறக்கும். சக்‌ஷன் கப் சூட்டில் தானாகவே கழன்றுவிடும் பொருள். ஆகவே, அதை மட்டும் நம்பி எதையும் தொங்கவிடக் கூடாது. பல அமைப்பாளர்கள் போல்ட் அல்லது கிளாம்ப் கொண்ட தாங்கியையும், அது கழன்றாலும் பிடித்துக்கொள்ள இரண்டாவதாக ஒரு கயிற்றையும் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் நிகழ்வின் விதிகளை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். பயணி பக்க ஏர்பேக்கின் மூடிக்கு மேல் எதையும் ஒட்ட வேண்டாம். ஆன்டெனா வயரை முன் தூணின் வழியாக இறக்கும்போது, அந்தத் தூணுக்குள் கர்ட்டன் ஏர்பேக் (பக்கவாட்டில் திரைபோல விரியும் ஏர்பேக்) இருந்தால் அதன் குறுக்கே போகாமல் பின்புறமாக இறக்குங்கள்.

திரையை ஓட்டுபவரின் நேர்ப்பார்வையில் வைக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். முதல் ஓராண்டுக்குத் திரையே தெரியாமல் இருப்பது நல்லது என்பேன். ஓடும்போது திரையில் மாறிக்கொண்டே இருக்கும், முந்தைய லேப்போடு ஒப்பிட்ட நேர வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டு நான் பிரேக் இடத்தைத் தவறவிட்டது ஒரு முறையல்ல.

எல்லாவற்றையும் பொருத்தி முடித்ததும், வண்டி நடமாட்டம் இல்லாத, நேரான, மூடிய ஓர் இடத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்திப் பூச்சியம் செய்துவிட்டு, நேர்க்கோட்டில் வேகமெடுத்து, பிரேக்கை ஒரே சீராக மிதித்துக் காரை நிறுத்துங்கள். பதிவில் முடுக்கமானியின் கோட்டையும் ஜிபிஎஸ் வேகத்திலிருந்து வரும் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். வடிவம் வேறுபட்டால் தாங்கி ஆடுகிறது. வடிவம் ஒன்றாக இருந்து ஒன்று மற்றதைவிடத் தள்ளி வந்தால் அது சேனல்களுக்கு இடையிலான காலதாமதம். செயலியின் அமைப்பில் அந்த வித்தியாசத்தைக் கொடுத்துச் சரிசெய்யலாம். பக்கவாட்டு அச்சும் பிரேக்கின்போது கணிசமாக அசைந்தால் பெட்டி கோணலாக உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தித் திருப்பி வைத்து, அதே சோதனையை மீண்டும் ஒரு முறை செய்யுங்கள்.