ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனை நிரந்தரமாக நீக்கிவிட்டதாகச் சொல்லி, டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். எதிர்க்க முடியுமா?

முடியும். ஆனால் டி.சி. கேட்டு நீங்களே விண்ணப்பித்ததாக ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. ஐந்திலும் எட்டிலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்க 2019-இல் திருத்தம் வந்தது. அப்போதும் வெளியேற்றக் கூடாது என்ற விதி அப்படியே இருந்தது. பள்ளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நீக்கல் ஆணையை எழுத்தில் தர மாட்டார்கள். பெற்றோரே விரும்பி அழைத்துச் சென்றதாகக் காகிதம் தயாராகும்.

தங்கச்சிமடத்தில் என் அக்கா மகனுக்கு நடந்ததும் இதுதான். அவன் அப்பா போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்து, அவர் அங்கே சிறையில் இருந்த நேரம். அப்பாவைப் பற்றி ஒரு பையன் ஏதோ சொல்ல, இவன் கை நீட்டிவிட்டான். கை நீட்டியது தவறுதான். அதற்காகப் படிப்பையே பறிப்பதா? “கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அம்மா, இல்லையென்றால் நடத்தை சரியில்லை என்று டி.சி.யில் எழுத வேண்டிவரும்” என்று அக்காவிடம் சொன்னார்கள். கணவரைச் சிறையில் விட்டுத் தவிக்கும் பெண்ணிடம் இப்படிப் பேச எப்படி மனம் வந்ததோ, எனக்கு இன்றும் ஆறவில்லை. அக்கா கையெழுத்துப் போடவில்லை. ‘நீக்குவதானால் காரணத்தை எழுதித் தாருங்கள்’ என்று மனுக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கினோம். அவர்கள் எழுதித் தரவே இல்லை. தந்தால் அதுவே அவர்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

அந்த நகலோடு ராமநாதபுரத்தில் முதன்மைக் கல்வி அலுவலரிடமும், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுத்தோம். பையன் தங்கமானவன் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். வகுப்பு, வயது, எந்தத் தேதியிலிருந்து உள்ளே விடவில்லை, 16-ஆவது பிரிவு, இவை போதும். 32-ஆவது பிரிவையும் சேருங்கள்: அதன்கீழ் வரும் புகாரை மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், தீர்வு சரியில்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மூன்று மாதம் சும்மா இருக்கும் பையன் நம் கரையில் படகேறிவிடுவான், பிறகு அவனைத் திருப்புவது கடினம். எனவே விசாரணை முடியும்வரை வகுப்பில் உட்கார அனுமதிக்க வேண்டும் என்பதையே முதல் கோரிக்கையாக வையுங்கள். அக்கா மகன் அப்படித்தான் வகுப்புக்குத் திரும்பினான்.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் வழி வேறு. அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேலும் 16-ஆவது பிரிவு உதவாது. அங்கே, விளக்கம் கேட்காமலும் விசாரிக்காமலும் நீக்கியது இயற்கை நீதிக்கு முரண் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வாதாடலாம். செலவை நினைத்துத் தயங்காதீர்கள்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தாயின் பெயரிலேயே விண்ணப்பியுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், வற்புறுத்தி வாங்கினார்கள் என்று இன்றே எழுதிக் கொடுங்கள். நாள் தள்ளினால் நம்ப மாட்டார்கள்.