1984-ல் கல்யாணமான எனக்கு மாந்தோப்பில் பங்கு உண்டா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில், தாத்தா வழியில் அப்பாவுக்கு வந்த மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. 1984-ல் கல்யாணமாகி நான் பாலக்கோடு வந்துவிட்டேன். அப்பா 1998-ல் உயில் எழுதாமலே இறந்துவிட்டார், அம்மாவும் போன வருடம் போய்விட்டார். இப்போது அண்ணன்கள் இருவரும் தோப்பை விற்க விலை பேசிவிட்டு, என் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "89-க்கு முன்னால் கல்யாணமான பொண்ணுக்குப் பங்கு கிடையாது, உனக்குத்தான் 15 பவுன் போட்டோமே" என்கிறார்கள். பட்டா அவர்கள் பெயரில்தான் இருக்கிறது.
- வாசகி, பாலக்கோடு

பதில்: உண்டு அம்மா. நீங்கள் சொல்லும் விவரப்படி மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு ஏக்கர் உங்களுடையது.

அண்ணன்கள் சொல்லும் 89 கணக்கு ஒருகாலத்தில் உண்மையாக இருந்தது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தபோது, அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள். உங்கள் வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் அதைக் கேட்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், எனக்கு அது இன்றும் ஆறவில்லை. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்திய அரசின் திருத்தம் கல்யாணத் தேதியைப் பார்ப்பதே இல்லை, மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்றது. அப்புறம், அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா என்ற குழப்பம் பல வருடம் ஓடியது, 2020 ஆகஸ்ட்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அது அவசியமில்லை என்று தீர்த்துவைத்தது.

நாளைக்கே "தோப்பு பூர்வீகமில்லை, தாத்தா உயிலில்லாமல் விட்டுப்போன சுயசம்பாத்தியம், அப்பாவுக்கே தனியாக வந்தது" என்று பேச்சை மாற்றினாலும் பயப்படாதீர்கள், அப்பாவும் உயில் எழுதாததால் அம்மாவும் பிள்ளைகள் மூவரும் சம வாரிசுகள், அம்மாவும் உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் பங்கும் உங்கள் மூவருக்குத்தான், கணக்கு மாறாது.

15 பவுன் உங்களுக்குப் போட்ட சீர், சொத்துப் பங்கு இல்லை. பட்டா மட்டும் உரிமையைத் தந்துவிடாது.

ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகியிருந்தாலோ, தோப்பு கைமாறியிருந்தாலோ, 2005 திருத்தம் அதைத் தொடாது. வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். "அப்பவே வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டோம்" என்று சொன்னால் நீதிமன்றம் அதை லேசில் ஏற்காது.

தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும், தெரியும். அதனால் முதலில் அண்ணன்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், விற்ற பணத்தில் மூன்றில் ஒன்று கேளுங்கள், ஆனால் பணம் கைக்கு வராமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம், பதிவாகிவிட்டால் அதை ரத்து செய்வது பெரும்பாடு. மசியவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்குதான். பங்கு இல்லை என்று உங்களை ஒதுக்கியது தெரிந்த நாளிலிருந்து 12 வருடம்தான் கெடு, தள்ளிப்போடாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றாலும் பரவாயில்லை, பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள், அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் பட்டா நகலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.