வீட்டிலிருந்தபடியே ஆசிரியராகிவிட முடியுமா? திண்டிவனம் பகுதித் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறார், சிறு வயது முதலே ஆசிரியராக வேண்டும் என்று சொல்லி வருகிறார், நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு அனுப்பத் தங்களுக்கு மனம் ஒப்பவில்லை. இந்த நிலையில், ‘திறன் அடிப்படையிலான இணையவழி ஆசிரியர் பயிற்சி; ஓராண்டில் பி.எட்.டுக்கு இணையான சான்றிதழ்’ என்று சொல்லி ஒருவர் 45,000 ரூபாய் கேட்பதாகவும், முன்பணத்தை இந்த வாரத்துக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கட்ட வேண்டாம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நான் நிறுத்திக்கொண்டால், இணையவழிப் பயிற்சி என்றாலே ஏமாற்று என்று தாங்கள் எண்ணிவிடக்கூடும். அதுவும் மகளுக்கு இழப்புத்தான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இந்தியாவில் ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளுக்கு ஏற்பு (அங்கீகாரம்) வழங்கும் அமைப்பு, 1993ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அதன் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். என்பது கல்லூரிக்கு நேரில் சென்று படிக்கும் இரண்டாண்டுப் படிப்பு. அதில் 20 வாரங்கள் பள்ளியில் செலவிட வேண்டும். முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். முழுக்க இணையவழியில் முடிந்துவிடும் பி.எட். எதற்கும் அக்குழுமத்தின் ஏற்பு கிடையாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்தும் தொலைநிலை பி.எட்.டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது, தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும், ஏற்கெனவே நேரடி முறையில் ஏற்புடைய ஆசிரியர் பயிற்சி ஒன்றை முடித்தவர்களுக்கும் உரியது. நேராகப் பட்டப்படிப்பிலிருந்து வரும் தங்கள் மகள் இவ்விரு பிரிவிலும் வரமாட்டார்.

‘ஓராண்டு பி.எட். வந்துவிட்டதாமே’ என்ற பேச்சுக்கும் ஓர் அடிப்படை உண்டு. 2025ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட வரைவு விதிமுறைகளில் ஓராண்டு பி.எட். முன்மொழியப்பட்டது. ஆனால் அது நான்காண்டு இளங்கலையோ முதுகலையோ முடித்தவர்களுக்காகச் சொல்லப்பட்டது, மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவருக்கு அந்த வரைவிலும் இரண்டாண்டுதான். தங்களிடம் பேசியவர் இந்தச் செய்தியின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் தம் வசதிக்கேற்ப நிரப்பியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், இப்படி ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, அச்சடித்த அழகான சான்றிதழோடு பள்ளி நேர்காணலுக்குப் போனவர். பாடம் நன்றாக நடத்திக் காட்டினார். சான்றிதழைப் பார்த்த தலைமையாசிரியர், ‘இதை வைத்து உங்களை ஆசிரியர் பட்டியலில் சேர்க்க முடியாதம்மா’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். திறமை இருந்தது, உழைப்பும் இருந்தது. இரண்டு ஆண்டும் பணமும் போய்விட்டன. அந்த முகம் இன்னும் என் நினைவில் இருப்பதால்தான் ‘கட்ட வேண்டாம்’ என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்க்கத் தருமாறு தங்களிடம் பணம் கேட்பவர் சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.

இனி, ‘திறன் அடிப்படையிலான பயிற்சி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். விளம்பரத்தில் அது தவறாகப் பயன்படுத்தப்படுகிறதே தவிர, சொல்லின் பின்னே உள்ள கருத்து நல்ல கருத்து. எத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தார் என்று கணக்கிடாமல், எதைச் செய்து காட்டுகிறார் என்று பார்த்துத் தேர்ச்சி அளிப்பதே அதன் உட்பொருள். அமெரிக்காவில் 19 மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து 1997இல் நிறுவிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் இதற்குப் பெயர்பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒரு கட்டணம் செலுத்தி, அந்த ஆறு மாதத்துக்குள் எத்தனை பாடங்களில் தம் திறனை நிரூபிக்க முடிகிறதோ அத்தனையையும் மாணவர் முடித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே தெரிந்ததை விரைவாகக் கடந்துவிட்டு, தெரியாததில் வேண்டிய அளவு தங்கலாம். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பாடங்கள் யாவும் இணையவழியில் நடக்கும் அந்தப் பல்கலைக்கழகத்திலும், ஆசிரியர் உரிமத்துக்காகப் படிப்பவர் கடைசியில் உண்மையான பள்ளியில், உண்மையான குழந்தைகள் முன்னே, அனுபவமுள்ள ஓர் ஆசிரியரின் பார்வையில் பல வாரங்கள் பாடம் நடத்தியே தீர வேண்டும். வகுப்பறையை முற்றிலும் தவிர்க்கும் வழி அங்கேயும் இல்லை.

இந்த முறை நமக்கும் புதியதன்று. பி.எட். படித்த யாரைக் கேட்டாலும் நுண்நிலைக் கற்பித்தலைப் பற்றிச் சொல்வார்கள். பாடத்தைத் தொடங்கும் திறன், விளக்கும் திறன், வினாக் கேட்கும் திறன், கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன் என்று ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துக்கொண்டு, சக மாணவர்களையே பிள்ளைகளாக அமர்த்தி, ஐந்தாறு நிமிடம் நடத்தி, குறைகளைக் கேட்டறிந்து, திருத்தி, மறுபடியும் நடத்துவது அது. சில கல்லூரிகளில் இது பதிவேட்டை நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்து வருந்துகிறேன். மறுபடியும் நடத்தச் சொல்லும் அந்த இரண்டாம் முறையில்தான் ஒருவர் ஆசிரியராகிறார்.

திறன் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை மகளின் பாடத்திலிருந்தே காட்டுகிறேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலுள்ள எண்களைக் கூட்டி 2, கீழுள்ள எண்களைக் கூட்டி 5, ஆகவே 2/5 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. கணிதம் தெரிந்த எவரும் ‘தவறு, விடை 5/6’ என்று சொல்லிவிடுவார். ஆசிரியர் அங்கே நிற்கமாட்டார். ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு கடலை மிட்டாய்ப் பட்டையை எடுத்து, பாதி எத்தனை கட்டம் என்று கேட்பார், மூன்று. மூன்றில் ஒரு பங்கு எத்தனை, இரண்டு. சேர்த்தால் ஆறில் ஐந்து. பிறகு, ‘நீ சொன்ன 2/5 அரையைவிடப் பெரிதா, சிறிதா?’ என்று கேட்டுக் காத்திருப்பார். அரையோடு இன்னொரு துண்டைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்துபோவது எப்படி என்று அந்தப் பிள்ளை தானே திகைத்து நிற்கும் அந்தக் கணத்துக்காகவே இவ்வளவும். பிள்ளை எங்கே வழி தவறினான் என்று கண்டுபிடிப்பது, எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தேர்ந்தெடுப்பது, அவன் யோசிக்கும்வரை பொறுத்திருப்பது ஆகிய மூன்றும் மூன்று தனித்தனித் திறன்கள். பி.எஸ்சி. பட்டம் இவற்றைத் தருவதில்லை. காணொலி பார்ப்பதும் தராது. ஆனால் தான் நடத்திய பாடத்தைப் பதிவு செய்து, தகுந்த ஒருவரிடம் காட்டி, ‘இந்த இடத்தில் விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள்’ என்ற குறிப்பைப் பெற்றுத் திருத்திக்கொள்வதன் மூலம் இவை வளரும்; அந்தப் பணிக்கு இணையம் மிகவும் உதவும்.

ஆகவே எந்த இணையவழிப் பயிற்சியையும் பற்றி மகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘நான் நடத்தும் பாடத்தை யார் பார்ப்பார்கள், எத்தனை முறை பார்ப்பார்கள்?’ என்பதே. அதற்குத் தெளிவான விடை இல்லையென்றால், அது பதிவு செய்த உரைகளின் தொகுப்பு மட்டுமே. அத்தகைய உரைகள் 2017இல் தொடங்கிய திக்‌ஷா, ஸ்வயம் ஆகிய அரசுத் தளங்களில் கட்டணமின்றியே கிடைக்கின்றன. ஸ்வயத்தில் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால்தான் கட்டணம்.

பயிற்சிக்குப் பிந்தைய தேர்வையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குக் கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். 150 வினாக்களில் 60 கணிதமும் அறிவியலும் சேர்ந்து வரும். கணிதம் மட்டும் படித்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்த அறிவியல் பகுதியில்தான். இந்த இடைவெளியை நிரப்ப இணையவழிப் பாடங்கள் மிகப் பொருத்தமானவை. இரண்டாம் தாளில் தேறிய பிறகும் அரசுப் பள்ளிப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு தனியாக உண்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும் ஆகலாம் என்று மகள் எண்ணியிருந்தால் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்: 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது, தொடக்கக் கல்விப் பட்டயமே வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்துவிட்டது. தனியார் பள்ளியில் இதையெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்பதும் இனி செல்லாது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களே இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்பு, சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீங்கலான பள்ளிகள் எல்லாவற்றையும் விழிக்கச் செய்திருக்கிறது.

இரண்டு பேருந்து மாறும் கவலைக்கு வருகிறேன். அது சிறிய கவலை என்று நான் சொல்லமாட்டேன். தங்கள் பகுதிக்கு எட்டும் தொலைவில் உள்ள, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் ஏற்பு ஆணையையும் பாருங்கள். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். கட்டணம் மிகவும் குறைவு. சைதாப்பேட்டையிலோ வேலூரிலோ இடம் கிடைத்தால் விடுதியையும் யோசிக்கலாம். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, பள்ளிப் பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். ஊருக்கு அருகிலுள்ள பள்ளியில் அந்த 16 வாரத்தைச் செய்ய அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். ‘வாரத்தில் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டால் போதும்’ என்று சொல்லும் கல்லூரி வீட்டுக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும் வேண்டாம். மகள் கற்க வேண்டியதை அங்கே யாரும் கற்றுத் தரப்போவதில்லை.

சேர்க்கை தொடங்கும்வரை மகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. தெருப் பிள்ளைகள் நால்வரை மாலையில் அமர்த்தி, மேலே சொன்ன பின்னக் கூட்டலை அரை மணி நேரம் நடத்தட்டும். பிள்ளைகள் முகம் தெரியாதபடி, தாம் பேசுவதும் எழுதுவதும் மட்டும் பதியுமாறு கைப்பேசியை வைக்கட்டும். அதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துக் குறிப்பெழுதுகிறேன். அதன்பின் அதே பாடத்தை அவர் இரண்டாம் முறை நடத்தி அனுப்ப வேண்டும்.